மனச்சோர்வுக்கு வார்டில் சேர்த்த பிறகு: மாத்திரை எப்படித் தேர்வாகிறது, எப்படி ஏறுகிறது, எங்கே தவறுகிறது

புதுச்சேரி கோரிமேடு ஜிப்மர் ஆஸ்பத்திரியானாலும் கடலூர், சிதம்பரம் பக்கத்து ஆஸ்பத்திரியானாலும், மனநல வார்டில் படுக்கை கிடைத்ததும் கூட வந்தவர்கள் கேட்பது, "எத்தனை நாள்ல சரியாகும் டாக்டர்?" டாக்டர் திருப்பிக் கேட்பது, "இதுக்கு முன்னாடி எப்பவாவது தூக்கமே இல்லாம, ரொம்ப உற்சாகமா, ஆளே மாறின மாதிரி இருந்தாரா?" பல குடும்பங்களுக்கு இது சம்பந்தமில்லாத கேள்வியாகத் தோன்றும். இப்போது சாப்பிடாமல், பேசாமல், சுவரைப் பார்த்துப் படுத்திருக்கும் மனுசனிடம் போய் உற்சாகத்தைப் பற்றி எதற்குக் கேட்கிறார்?

எந்த மாத்திரை என்பதையே அந்தப் பதில்தான் முடிவு செய்கிறது. சோர்வு மட்டுமே வந்துபோகும் ஒருமுனை மனச்சோர்வும், சோர்வும் மனவெழுச்சியும் (டாக்டர் கேட்ட அந்தத் தூக்கமில்லாத உற்சாகம்) மாறி மாறி வரும் இருமுனைக் கோளாறின் சோர்வும் படுக்கையில் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். மருந்து மட்டும் வேறு. முதல் வகைக்குக் கொடுக்கும் மாத்திரையை இரண்டாம் வகைக்குத் தனியாகக் கொடுத்தால், சிலருக்குச் சில வாரங்களில் சோர்வு தலைகீழாகப் புரண்டு மனவெழுச்சியாகிவிடும். பரிசோதனைச் சாலையில் இதைக் கண்டுபிடிக்கும் ரத்தப் பரிசோதனை கிடையாது. குடும்பம் சொல்லும் பழைய கதைதான் பரிசோதனை.

கீழே வரும் அளவுகள் பெரியவர்களுக்கு வழக்கமாக எழுதப்படுபவை. சீட்டைப் படித்துப் புரிந்துகொள்ளவும் சரியான கேள்வி கேட்கவும் இவை உதவும். நீங்களே ஏற்றி இறக்குவதற்கு அல்ல.

சேர்க்கும் நாள்: பையில் என்ன இருக்க வேண்டும்

மாற்றுத் துணிக்கு முன் மாத்திரை அட்டைகள். மனநல மாத்திரை மட்டுமல்ல. பிரஷர், சர்க்கரை, தைராய்டு, முட்டி வலி, மெடிக்கல் ஷாப்பில் சும்மா கேட்டு வாங்கியது, சூரணம், லேகியம் எல்லாமே. காலி அட்டையாக இருந்தாலும் பரவாயில்லை. "சின்னதா வெள்ளையா ஒரு மாத்திரை" என்பதை வைத்து யாரும் எதையும் கண்டுபிடிக்க முடியாது. கடலூர்க்காரர்களுக்கு இன்னொரு சிக்கல் உண்டு: உள்ளூரில் ஒரு சீட்டு, புதுச்சேரியில் ஒரு சீட்டு. இரண்டிலும் ஒரே மருந்து வேறு கம்பெனிப் பெயரில் இருக்கும். இரண்டையும் சேர்த்து விழுங்கிக்கொண்டிருப்பார்கள். இரண்டையும் கொண்டுபோய் ஒரே மேசையில் வையுங்கள்.

அடுத்தது காலக்கோடு. வெள்ளைத்தாளில் ஆண்டுகளை வரிசையாக எழுதி, எந்த ஆண்டு எப்படி இருந்தார் என்று நிரப்புங்கள். தேதி நினைவில்லையென்றால் திருவிழாவைப் பிடித்துக்கொள்ளுங்கள். வில்லியனூர்த் தேருக்கு முன்னாலா பின்னாலா, மாசி மகத் தீர்த்தவாரிக்கு வந்தாரா, தானே புயல் வந்த 2011 டிசம்பரில் எப்படி இருந்தார் என்று கேட்டால் வீட்டில் எல்லோருக்கும் ஞாபகம் வரும்.

மனவெழுச்சியை "சந்தோஷமா இருந்தார்" என்று சொன்னால் டாக்டருக்குப் பயனில்லை. நடந்ததைச் சொல்லுங்கள். "ரெண்டு மணி நேரம்தான் தூங்குவான் டாக்டர், ஆனா அசதியே இருக்காது. மூணு மணிக்கு எழுந்து வீட்டுக்கு வெள்ளையடிப்பான். ஒரே வாரத்துல ரெண்டு பேருக்குப் பணம் கொடுத்துட்டான், வண்டிக்கு அட்வான்ஸ் கட்டிட்டான். பேச ஆரம்பிச்சா நிறுத்த முடியாது." இப்படி ஒரு தாய் சொல்லும் நாலு வரியில் நோய் பாதி பிடிபட்டுவிடும். இந்த நிலை ஒரு வாரம் அல்லது அதற்கு மேல் நீடித்தால், அல்லது ஆஸ்பத்திரியில் சேர்க்கும் அளவுக்குப் போனால், அது முழு மனவெழுச்சி. வேலை கெடாத அளவில் குறைந்தது 4 நாள் இருந்தால் மிதமான வகை. மிதமானதைத்தான் குடும்பங்கள் தவறவிடுகின்றன, ஏனென்றால் அந்த நாட்களில்தான் அவர் "நல்லா சுறுசுறுப்பா" இருந்திருப்பார்.

வேறு சில தடயங்களும் உண்டு. 25 வயதுக்கு முன்பே முதல் சோர்வு, பிரசவத்தை ஒட்டி வந்தது, சித்தப்பாவுக்கோ பாட்டிக்கோ இதே நோய், முன்பு சோர்வு மாத்திரை தொடங்கியதும் தூக்கம் போய்ப் படபடவென்று ஆனது. இவற்றில் எதுவும் தனியாக முடிவு சொல்லாது. ஆனால் சொல்லாமல் விட்டுவிடாதீர்கள். சித்தப்பா கதையை மறைப்பது கல்யாணச் சந்தையில் உதவலாம், வார்டில் கெடுதல்தான்.

சட்டம் பற்றி ஒரு வார்த்தை. 2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டப்படி, முடிவெடுக்கும் நிலையில் உள்ளவர் தானே கையெழுத்துப் போட்டுச் சேரலாம், தானே கேட்டு வெளியேறவும் செய்யலாம். அந்த நிலையில் இல்லாதவரை அவருடைய நியமனப் பிரதிநிதியின் (அவருக்குத் துணைநிற்கச் சட்டப்படி நியமிக்கப்பட்டவர்) விண்ணப்பத்தின் பேரில் சேர்ப்பார்கள். அந்தச் சேர்க்கைக்கு 30 நாள் வரம்பு, அதற்கு மேல் தேவைப்பட்டால் தனி நடைமுறை. யார் கையெழுத்துப் போட்டார், எந்தப் பிரிவில் என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

மாத்திரைக்கு முன் ரத்தம்

முதல் இரண்டு நாளில் ஹீமோகுளோபின், தைராய்டு, சர்க்கரை, கிரியாட்டினின் (சிறுநீரகத்தின் நிலையைக் காட்டுவது), சோடியம், கல்லீரல் பரிசோதனை, ஈ.சி.ஜி. எடுப்பார்கள், குழந்தை பெறும் வயதில் உள்ள பெண்ணுக்குக் கர்ப்பப் பரிசோதனையும். "மனசு சரியில்லைன்னு வந்தா எதுக்கு இத்தனை ரத்தம்?" என்ற முணுமுணுப்பு எல்லா வார்டிலும் கேட்கும். தைராய்டு குறைந்தாலே சோர்வு வரும். கிரியாட்டினின் அதிகமாக இருப்பவருக்கு, இருமுனைக் கோளாறுக்குத் தரும் லித்தியம் என்ற மருந்தைக் கொடுக்க யோசிக்க வேண்டும். எடையும் இடுப்பளவும் குறித்துக்கொள்வது பின்னால் மாத்திரையால் எவ்வளவு ஏறியது என்று பார்க்க. அதை அவர்கள் எடுக்கவில்லையென்றால் நீங்களே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

குடி இருந்தால் முதல் நாளே உண்மையைச் சொல்லிவிட வேண்டும். கடைசியாக எப்போது, எவ்வளவு. திடீரென நின்ற குடி இரண்டு மூன்று நாளில் கைநடுக்கம், வலிப்பு, பிதற்றல் என்று வரலாம். அதற்குத் தனி மருந்தும் தயாமின் (வைட்டமின் பி1) ஊசியும் வேண்டும். குடி விட்டு 2 முதல் 4 வாரத்தில் தானாகவே சோர்வு கணிசமாகக் குறைபவர்களும் உண்டு என்பதால், சில சமயம் டாக்டர் மாத்திரைக்கு அவசரப்பட மாட்டார். அது அலட்சியம் அல்ல.

ஒருமுனைச் சோர்வு என்று முடிவானால்

பெரும்பாலும் எஸ்சிட்டலோப்ராம், செர்ட்ரலின், ஃப்ளூவாக்ஸெட்டின் மூன்றில் ஒன்றில் தொடங்குவார்கள். எஸ்சிட்டலோப்ராம் 10 மி.கி., தேவைப்பட்டால் 20. வயதானவருக்கு 5இல் தொடங்கி 10க்குள் நிறுத்துவது வழக்கம். செர்ட்ரலின் 25 அல்லது 50இல் தொடங்கி 200 வரை. ஃப்ளூவாக்ஸெட்டின் 20, காலையில். தூக்கமும் பசியும் போய் உடல் மெலிந்தவருக்கு மிர்ட்டாஸபின் 7.5 அல்லது 15, ராத்திரி. இது பசியைக் கிளப்பும், எடையும் ஏற்றும். உடம்புவலியோடு வரும் சோர்வுக்கு டுலாக்ஸெட்டின் 30இலிருந்து 60. வென்லாஃபாக்சின் 37.5 அல்லது 75இல் தொடங்கி ஏறும். பிரஷர் பார்த்துக்கொண்டே ஏற்ற வேண்டும். பழைய மருந்தான அமிட்ரிப்டிலின் 25இல் தொடங்குவது இன்னும் புழக்கத்தில் இருக்கிறது. நல்ல மருந்துதான். ஆனால் வாய் உலரும், மலம் கட்டும், புராஸ்டேட் வீக்கம் உள்ளவருக்குச் சிறுநீர் அடைக்கும், இதய நோயாளிக்கு ஆகாது, அளவுக்கு மீறினால் மிக ஆபத்து.

முதல் இரண்டு வாரம்தான் குடும்பங்கள் மாத்திரையை நிறுத்தும் காலம். குமட்டல், தலைவலி, வயிற்றோட்டம், கொஞ்சம் படபடப்பு எல்லாம் முதலில் வரும். பலன் பின்னால் வரும். 1 முதல் 2 வாரத்தில் லேசான அசைவு தெரியும், முழுப் பலனுக்கு 4 முதல் 6 வாரம். சாப்பாட்டுக்குப் பின் கொடுத்தால் குமட்டல் குறையும். இடைக்காலத் தூக்கத்துக்கு குளோனஸிபாம் 0.25 அல்லது 0.5, அல்லது லோரஸிபாம் 1 மி.கி. சேர்ப்பார்கள். இது நடைவண்டி மாதிரி. குழந்தை நடந்ததும் எடுத்துவிட வேண்டும். 2 முதல் 4 வாரத்தில் படிப்படியாகக் குறைக்காவிட்டால் பழக்கமாகிவிடும். டிஸ்சார்ஜ் சீட்டில் அந்த மாத்திரைக்கு நேரே "எப்போது நிறுத்துவது" என்று எழுதி வாங்குங்கள். இந்த ஒரு வரி இல்லாததால் வருடக்கணக்காக அதையே விழுங்கிக்கொண்டிருப்பவர்கள் ஏராளம்.

படபடப்பு வேறு, ஆபத்தான படபடப்பு வேறு. உட்கார முடியாமல் நடந்துகொண்டே இருப்பது, திடீர் எரிச்சல், புதிதாகச் சாவைப் பற்றிய பேச்சு, அதுவும் 25 வயதுக்கு உட்பட்டவர் என்றால், அன்றைக்கே டாக்டருக்குத் தெரிய வேண்டும். அடுத்த ரவுண்டுக்குக் காத்திருக்காதீர்கள். தூக்கம் குறைந்தும் அசதி இல்லாமல், பேச்சு கூடினால் அது வேறு செய்தி: நாம் ஒருமுனை என்று நினைத்தது இருமுனையாக இருக்கலாம்.

வயதானவர்களிடம் ரத்தத்தில் சோடியம் குறைகிறதா என்று கவனிக்க வேண்டும். பிரஷருக்கு நீர் பிரியும் மாத்திரை சாப்பிடும் அறுபதைத் தாண்டிய அம்மாவுக்குச் சோர்வு மாத்திரை தொடங்கி இரண்டு வாரத்தில் தள்ளாட்டமும் குழப்பமும் வந்தால், "வயசாயிடுச்சு" என்று விடாமல் சோடியம் பார்க்கச் சொல்லுங்கள். ஆஸ்பிரினோ டைக்ளோஃபெனாக்கோ கூடச் சாப்பிட்டால் வயிற்றில் ரத்தக்கசிவு வாய்ப்பு கூடும். வலிக்கு டிரமடால் எழுதும் டாக்டரிடம் இந்த மாத்திரையைச் சொல்லிவிடுங்கள். இரண்டும் சேர்ந்தால் காய்ச்சல், நடுக்கம், தசை விறைப்பு என்று வரக்கூடும். தாம்பத்தியத்தில் நாட்டம் குறைவதும் இந்த மாத்திரைகளின் பக்கவிளைவு. யாரும் கேட்பதில்லை, யாரும் சொல்வதில்லை, ஒருநாள் மாத்திரை மட்டும் குப்பைக்குப் போகும். டாக்டரிடம் சொன்னால் மாற்று மருந்து உண்டு.

சரியான அளவில் 4 வாரம் போயும் துளி அசைவில்லை என்றால் அளவை ஏற்றுவார்கள் அல்லது மாற்றுவார்கள். இரண்டு மருந்துகள், ஒவ்வொன்றும் போதிய அளவில் போதிய வாரங்கள் கொடுத்தும் கேட்கவில்லையென்றால், முதலில் பார்க்க வேண்டியது மூன்று: மாத்திரை உண்மையில் உள்ளே போகிறதா, தைராய்டும் குடியும் சரியாகப் பார்க்கப்பட்டதா, இது இருமுனையா. அதன் பிறகுதான் லித்தியம், அல்லது சிறு அளவில் அரிப்பிப்ரசோல் 2 முதல் 5 மி.கி., அல்லது குவெட்டியாபின் 150 முதல் 300 என்று துணைமருந்து.

சோர்வோடு "நான் பாவி, என் குடல் அழுகிப்போச்சு, போலீஸ் வருது" என்பது போன்ற அசைக்க முடியாத நம்பிக்கையோ குரல்களோ இருந்தால், சோர்வு மாத்திரை மட்டும் போதாது. ஒலான்ஸபின் போன்ற ஒன்று கூடவே வேண்டும், அல்லது மின்சிகிச்சை (மயக்கம் கொடுத்து மூளைக்கு மின்சாரம் செலுத்துவது; கீழே வருகிறது).

இருமுனைச் சோர்வு என்றால்

இங்கே சோர்வு மாத்திரை பின்வரிசைக்குப் போகிறது. முன்வரிசையில் குவெட்டியாபின், லுராசிடோன், லித்தியம், லாமோட்ரிஜின், ஒலான்ஸபினும் ஃப்ளூவாக்ஸெட்டினும் சேர்ந்த கூட்டு, கரிப்ரசின் ஆகியவை.

குவெட்டியாபின் வேகமாக ஏறும்: முதல் ராத்திரி 50, அடுத்தது 100, 200, நாலாம் ராத்திரி 300 மி.கி. வயதானவருக்கு இதைவிட மெதுவாக. நல்ல தூக்கம் வரும். அதுதான் ஆபத்தும். நடுராத்திரி பாத்ரூமுக்கு எழும்போது ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கி விழுவார்கள். எழுந்து உட்கார்ந்து, ஒரு நிமிடம் காலைத் தொங்கவிட்டு, பிறகு நடக்கச் சொல்லுங்கள். கூட இருப்பவர் கையைப் பிடியுங்கள். எடையும் சர்க்கரையும் ஏறும் என்பதால் 3 மாதத்தில் திரும்பப் பார்க்க வேண்டும்.

லுராசிடோன் 20இல் தொடங்கும். எடை அதிகம் ஏறாது. ஆனால் வெறும் வயிற்றில் போட்டால் பாதிதான் ரத்தத்தில் சேரும். குறைந்தது 350 கலோரி உணவோடு போட வேண்டும். ரெண்டு பிஸ்கட், ஒரு டீ போதாது. நாலு இட்லி, சாம்பார், கொஞ்சம் சட்னி என்றால் ஏறக்குறைய அந்த அளவு வரும். வார்டில் ராத்திரிச் சாப்பாடு 7 மணிக்கு, மாத்திரை 9 மணிக்கு என்றால் இந்த மாத்திரையை மட்டும் 7 மணிக்கு மாற்றிக் கேளுங்கள்.

லாமோட்ரிஜின் இதற்கு நேர் எதிர், ஆமை வேகம். முதல் 2 வாரம் 25 மி.கி., அடுத்த 2 வாரம் 50, பிறகு ஒரு வாரம் 100, கடைசியில் 200. கூட வால்ப்ரோவேட் (மனநிலையை நிலைப்படுத்தும் இன்னொரு மருந்து) இருந்தால் இதில் பாதிதான், 25 மி.கி. ஒருநாள் விட்டு ஒருநாள் என்று தொடங்கும். அவசரப்பட்டு ஏற்றினால் உடல் முழுக்கத் தோல் உரியும் கொடிய அலர்ஜி வரலாம். முதல் 8 வாரத்தில் எந்தச் சொறி வந்தாலும், குறிப்பாகக் காய்ச்சலோடு, வாய்ப்புண்ணோடு, கண் சிவப்போடு வந்தால், அடுத்த டோஸைப் போடாமல் அன்றே காட்டுங்கள். 5 நாளுக்கு மேல் விட்டுப்போனால் பழைய அளவில் தொடரக்கூடாது, 25இலிருந்து மறுபடி. இதைத் தெரியாமல், ஊருக்குப் போய் பத்து நாள் விட்டுவிட்டு வந்து 200ஐப் போடுபவர்கள் பெரிய வம்பை விலைக்கு வாங்குகிறார்கள்.

வால்ப்ரோவேட் மனவெழுச்சிக்கு நல்லது, சோர்வுக்குச் சுமார். குழந்தை பெறும் வயதுப் பெண்ணுக்கு இது எழுதப்பட்டிருந்தால் தயங்காமல் கேள்வி கேளுங்கள். வயிற்றுக் குழந்தையின் தண்டுவடத்தையும் மூளை வளர்ச்சியையும் பாதிக்கும் மருந்து இது. அதற்காகக் கர்ப்பம் தெரிந்ததும் எல்லா மாத்திரையையும் வீட்டிலேயே நிறுத்துவதும் தவறு. நோய் திரும்பினால் தாய், பிள்ளை இருவருக்கும் கெடுதல். மாற்றம் டாக்டர் கையால் நடக்கட்டும்.

சோர்வு மாத்திரை இருமுனைக்கு அறவே கூடாதா? சிலருக்கு, மனநிலையை நிலைப்படுத்தும் மருந்தின் மேல், எஸ்சிட்டலோப்ராம் வகையோ புப்ரோப்பியானோ சேர்ப்பதுண்டு. அமிட்ரிப்டிலின், வென்லாஃபாக்சின் புரட்டிப்போடும் வாய்ப்பு அதிகம் என்பதால் தவிர்ப்பார்கள். ஆண்டில் நாலு முறை மாறி மாறி வருபவருக்கும், சோர்வும் வேகமும் ஒரே நேரத்தில் கலந்திருப்பவருக்கும் சேர்ப்பதே இல்லை எனலாம்.

லித்தியம்: ஒரு காலைப் பொழுதைக் கெடுக்காமல் இருக்க

1949இல் ஆஸ்திரேலியாவின் ஜான் கேட் மனவெழுச்சிக்குப் பயன்படுத்திக் காட்டிய மருந்து. விலை மலிவு. தற்கொலையைக் குறைப்பதில் இதற்கு நிகரான மாத்திரை இருமுனைக் கோளாறில் இல்லை. ஆனால் பலன் தரும் அளவுக்கும் விஷமாகும் அளவுக்கும் இடைவெளி சிறியது. அதனால் ரத்தத்தில் அளவு பார்த்தே ஓட்ட வேண்டும்: லிட்டருக்கு 0.6 முதல் 0.8 மில்லிமோல் வழக்கமான இலக்கு, மனவெழுச்சியில் 1.0 வரை. 1.5ஐத் தாண்டினால் விஷ அறிகுறி, 2ஐத் தாண்டினால் டயாலிசிஸ் வரை போகலாம்.

அளவு பார்ப்பது, மாத்திரை தொடங்கி அல்லது மாற்றி 5 முதல் 7 நாள் கழித்து, கடைசி மாத்திரைக்குச் சரியாக 12 மணி நேரம் கழித்து. ராத்திரி 9 மணிக்குப் போட்டால் காலை 9 மணிக்கு ரத்தம். காலையிலும் மாத்திரை இருந்தால் அதை ரத்தம் கொடுத்த பிறகுதான் போட வேண்டும். பண்ருட்டியிலிருந்து முதல் பஸ் பிடித்து வருபவர், "ரத்தம் எடுக்கப் போறோமே, மாத்திரை விடக்கூடாது" என்று வழியிலேயே போட்டுவிட்டு வருவார். அளவு 1.3 என்று வரும், டாக்டர் டோஸைக் குறைப்பார், இரண்டு மாதத்தில் நோய் திரும்பும். மாத்திரையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வாருங்கள்; ரத்தம் கொடுத்துவிட்டு இட்லியோடு போடுங்கள். ரத்தம் எடுக்கும் குழாயையும் ஒரு பார்வை பாருங்கள். பச்சை மூடிக் குழாயில் பெரும்பாலும் லித்தியம் கலந்த ஹெப்பரின் இருக்கும். அதில் எடுத்தால் அளவு பொய்யாக எகிறும். இதை லேப்காரருக்கு நினைவூட்டுவது மரியாதைக் குறைவல்ல.

தண்ணீரும் உப்பும் குறைந்தால் சிறுநீரகம் லித்தியத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும். கத்திரி வெயிலில் கடலுக்குப் போகிறவர், முந்திரிக் காட்டில் வேலை செய்கிறவர், வயிற்றுப்போக்கு வந்தவர், நோன்பு இருக்கிறவர் எல்லோருக்கும் இதே அபாயம். "பிரஷர் வந்துடுச்சு, இன்னையிலேர்ந்து கருவாடு கிடையாது, உப்பில்லாக் கஞ்சிதான்" என்று ஒரே நாளில் மாறினாலும் லித்தியம் ஏறும். உப்பை ஒரே சீராக வைத்துக்கொள்ளுங்கள். மாற்ற வேண்டுமென்றால் டாக்டரிடம் சொல்லி மெதுவாக.

முட்டி வலிக்கு வாங்கும் டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக், ஐபுப்ரூஃபன் மூன்றும் லித்தியத்தை ஏற்றும். வலிக்குப் பாரசிட்டமால் போதும். பிரஷர் மாத்திரையில் டெல்மிசார்டன், லோசார்டன், எனலாப்ரில், ராமிப்ரில், ஹைட்ரோகுளோரோதயசைட் எல்லாம் இதே ரகம்; அம்லோடிபினுக்கு இந்தத் தொல்லை இல்லை. பிரஷர் பார்க்கும் டாக்டரிடம் "லித்தியம் சாப்பிடுகிறார்" என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

மெல்லிய விரல் நடுக்கம், தாகம், அடிக்கடி சிறுநீர் சகஜம். கை பெரிதாக உதறுவது, வாந்தி, பேதி, குழறல், தள்ளாட்டம் வந்தால் அடுத்த மாத்திரையைப் போடாமல் நேராக அவசரப் பிரிவு. அங்கே போனதும் முதல் வார்த்தை "லித்தியம்". நிலைத்தபின் முதல் ஆண்டில் 3 மாதத்துக்கு ஒருமுறை அளவு, 6 மாதத்துக்கு ஒருமுறை தைராய்டு, கிரியாட்டினின், கால்சியம்.

சாப்பிடவே மறுப்பவருக்கு

தண்ணீர்கூட இறங்காமல், அசையாமல், வைத்த கை வைத்தபடி இருந்தால் அது கேட்டடோனியாவாக இருக்கலாம். லோரஸிபாம் 1 அல்லது 2 மி.கி. ஊசியில் சிலர் அரை மணி நேரத்தில் கண்ணைத் திறந்து பேசுவார்கள். கேட்கவில்லை என்றாலோ, சாகும் எண்ணம் தீவிரமாக இருந்தாலோ மின்சிகிச்சை. ஊர்ப்பேச்சில் "கரண்ட் வைக்கிறது". சினிமா அதைக் கெடுத்து வைத்திருக்கிறது. மயக்க மருந்தும் தசைத் தளர்வு மருந்தும் இல்லாமல் செய்வதை 2017 சட்டம் தடை செய்திருக்கிறது. 18 வயதுக்கு உட்பட்டவருக்குப் பாதுகாவலரின் சம்மதமும் மனநல வாரியத்தின் முன்அனுமதியும் வேண்டும்.

வாரத்துக்கு இரண்டு அல்லது மூன்று, மொத்தம் 6 முதல் 12 முறை. முதல் நாள் இரவே தலைக்குக் குளிக்க வைத்து எண்ணெய் தடவாமல் விடுங்கள். எண்ணெய்ப் பிசுக்கில் மின்முனை சரியாகப் பிடிக்காது. நகப்பூச்சை அழித்துவிடுங்கள், ஆக்சிஜன் கருவி விரலில் மாட்ட வேண்டும். கட்டிய பல் இருந்தால் கழற்றிக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். நர்ஸ் சொன்ன நேரத்திலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் கூடாது. "பாவம், வெறும் வயிறு" என்று பாட்டி ரகசியமாக ஊட்டும் ஒரு வாய் காபி, மயக்கத்தில் வாந்தியாகி நுரையீரலுக்குள் போகும். அன்றைக்கு மறைக்காமல் சொல்லிவிட்டால் சிகிச்சை ஒரு நாள் தள்ளும், அவ்வளவுதான். முடிந்ததும் தலைவலி, சில மணி நேரக் குழப்பம், சிகிச்சைக் காலத்து நினைவுகளில் ஓட்டை சகஜம். குளோனஸிபாம், வால்ப்ரோவேட், லித்தியம் ஓடிக்கொண்டிருந்தால் அவற்றைச் சரிசெய்த பிறகே தொடங்குவார்கள்.

மின்சிகிச்சையில் தெளிந்ததும் மருந்தை விட்டுவிடக் கூடாது. தொடர்மருந்து இல்லையென்றால் அடுத்த சில மாதங்களில் சோர்வு திரும்பும் வாய்ப்பு மிக அதிகம்.

வார்டுக்குள் நடக்கும் தவறுகள்

மாத்திரையைக் கன்னத்துக்குள் ஒதுக்கிவைத்துப் பிறகு துப்புவது அடிக்கடி நடக்கும். சிலர் சேர்த்தும் வைப்பார்கள், அது இன்னும் மோசம். தண்ணீர் குடித்தபின் வாயைத் திறந்து நாக்கைத் தூக்கச் சொல்வதும், பத்து நிமிடம் பேச்சுக் கொடுப்பதும் போதும். திட்டாதீர்கள். தலையணை உறையையும் ஜன்னல் விளிம்பையும் நாளைக்கு ஒருமுறை பாருங்கள்.

"அம்மா, ராத்திரி எத்தனை மணி நேரம் தூங்கினாரு?" என்று நர்ஸ் கேட்டால் "நல்லா தூங்கினாரும்மா" என்பது பதிலாகாது. எப்போது படுத்தார், எத்தனை முறை எழுந்தார், எப்போது விழித்தார் என்று ஒரு சின்ன நோட்டில் எழுதுங்கள். மருந்து வேலை செய்வதும் புரளுவதும் முதலில் தூக்கத்தில்தான் தெரியும்.

இன்னொன்று, சொல்ல வேண்டியது. உடம்பில் தெம்பு முதலில் திரும்பும், மனம் தெளிவதும் சாகும் எண்ணம் விலகுவதும் பின்னால். "எழுந்து உட்கார்ந்துட்டார், குளிச்சுட்டார்" என்று காவலைத் தளர்த்தும் அந்த வாரம்தான் கவனம் கூட வேண்டிய வாரம்.

வீட்டுக்குப் போகும்போது

டிஸ்சார்ஜுக்குப் பின் முதல் சில வாரங்கள்தான் தற்கொலை அபாயம் மிகுந்தவை. ஒரு வாரத்துக்குள் முதல் மறுபார்வை. மாதம் கழித்து அல்ல. லித்தியமும் அமிட்ரிப்டிலினும் ஒரு வாரம் அல்லது இரண்டு வாரத்துக்கு மட்டும் வாங்கி, பெட்டியில் பூட்டி, சாவி வேறொருவரிடம். வயல் மருந்து வீட்டில் இருக்கவே கூடாது. பக்கத்து மோட்டார் கொட்டகையிலும் கூடாது. யாரிடமாவது கொடுத்துவிடுங்கள். இரவில் பேச ஆள் வேண்டுமென்றால் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416, தமிழிலும் பேசலாம், கட்டணம் இல்லை.

சீட்டில் கம்பெனிப் பெயரோடு மருந்தின் பெயரும் மில்லிகிராமும் இருக்கிறதா பாருங்கள். மக்கள் மருந்தகத்தில் நிறமும் வடிவமும் மாறிய அட்டை கிடைக்கும். பெயரும் அளவும் ஒன்றாக இருந்தால் பயப்பட வேண்டாம். லித்தியத்தில் மட்டும் சாதாரண வகையா மெதுவாகக் கரையும் வகையா என்று கேட்டு அதே வகையை வாங்குங்கள். மெதுவாகக் கரைவதைப் பொடித்துக் கொடுக்கக் கூடாது. ஒரு வேளை விட்டுப்போனால் அடுத்த வேளைக்கு இரண்டாகப் போடவும் கூடாது.

எவ்வளவு காலம்? முதல் ஒருமுனைச் சோர்வுக்கு, முழுதாகத் தெளிந்த நாளிலிருந்து 6 முதல் 9 மாதம், தெளியவைத்த அதே அளவில். பலமுறை வந்தவருக்கு 2 ஆண்டோ அதற்கு மேலோ. இருமுனைக்கு நிலைப்படுத்தும் மருந்து நீண்டகாலம். மேலே சேர்த்த சோர்வு மாத்திரையை மட்டும் முன்னதாகக் குறைப்பார்கள். நிறுத்தும்போது படி இறங்குவது போல: எஸ்சிட்டலோப்ராம் 20 என்றால் 10, பிறகு 5, ஒவ்வொரு படிக்கும் 2 முதல் 4 வாரம். சட்டென்று விட்டால் தலைசுற்றல், எரிச்சல், மூளைக்குள் மின்சாரம் வெட்டுவது போன்ற உணர்வு. வென்லாஃபாக்சினில் இது கடுமை. லித்தியத்தைக் குறைக்க ஒரு மாதமாவது, முடிந்தால் மூன்று மாதம். திடீரென நின்றால் மனவெழுச்சி பாய்ந்து வரும்.

கடைசியாக, நம் கரைக்கு மட்டும் உரிய ஒரு வேலை. தானே புயல் 2011 டிசம்பர் 30இல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியது. ஃபெஞ்சல் புயல் 2024 நவம்பர் 30இல் புதுச்சேரிக்கு அருகே. இப்படிப்பட்ட நாட்களில் பஸ் நின்றுபோகும், மெடிக்கல் ஷாப்புக்குள் தண்ணீர் வரும். அக்டோபர் மறுபார்வையிலேயே கூடுதலாகப் பத்து நாள் மாத்திரை கேட்டு வாங்கி, சீட்டின் நகலோடு ஜிப் கவரில் போட்டு, ரேஷன் கார்டு இருக்கும் பெட்டியிலேயே பூட்டி வையுங்கள். வெள்ளத்துக்கு முகாமுக்குப் போகும்போது அந்தப் பெட்டியை யாரும் மறக்க மாட்டார்கள்.